நோக்கியா: திறப்பு விழாவின் மொழியும் மூடுவிழாவின் மொழியும்



தமிழ்ப்பள்ளி ஆசிரியர் கைப்பேசி நிறுவனம் ஒன்றின் வரலாற்றை எழுதுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் இருக்கின்றது. குளுவாங் வட்டாரத்தில் நம் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருள் பலர் தொழிற்சாலை ஊழியர்கள். சிலர் உள்ளூரிலும், சிலர் செனாய், பாசிர் கூடாங் பகுதிகளிலும், சிலர் கடற்பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரிலும் உழைக்கின்றனர். அவர்களின் பிள்ளைகளும் நாளை ஏதோ ஒரு நிறுவனத்தின் அறிவிப்பை நம்பித்தான் படிப்பையும் வேலையையும் தேர்ந்தெடுக்கப் போகின்றனர். ஆகவே, நிறுவனங்கள் பொதுமக்களிடம் எப்படிப் பேசுகின்றன என்பதைக் கற்பிப்பதும் மொழிப்பாடத்தின் ஒரு பகுதியே என்பது என் கருத்து.

தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு இரண்டு மொழிகள் உண்டு. புதுமையைக் காட்டும்போது ஒன்று; ஆட்குறைப்பை அறிவிக்கும்போது மற்றொன்று. இவ்விரு மொழிகளையும் ஒரே ஊரில், ஒன்பது ஆண்டுக் காலத்துக்குள் தமிழர்கள் கேட்டனர். அவ்வூர் தமிழ்நாட்டின் ஸ்ரீபெரும்புதூர். நிறுவனம் பின்லாந்து நாட்டின் நோக்கியா.

காகிதம், ரப்பர், கம்பி

1865ஆம் ஆண்டில் பிரெட்ரிக் இடெஸ்டாம் என்னும் பொறியாளர் பின்லாந்தில் மரக்கூழ் ஆலை ஒன்றைத் தொடங்கினார். நோக்கியா என்பது அந்நிறுவனம் பின்னர் வேரூன்றிய ஊரின் பெயர். 1967இல் இக்காகித நிறுவனமும், ஒரு ரப்பர் நிறுவனமும், ஒரு கம்பிவட நிறுவனமும் ஒன்றாக இணைந்தன. பின்லாந்து மக்கள் நெடுங்காலம் நோக்கியா என்றதும் நினைத்தது தொலைபேசியை அன்று, ரப்பர்க் காலணியையே. பால்மரக் காட்டில் வாழ்ந்த நம் முன்னோருக்கு அறிமுகமான பொருள்தான் அது!

பிறகு தொலைத்தொடர்புத் துறைக்குள் நுழைந்த நோக்கியா, 1998இல் உலகின் மிகப்பெரிய கைப்பேசி நிறுவனமாக உயர்ந்தது. 2012ஆம் ஆண்டின் தொடக்கம் வரை அந்த இடம் அதற்கே உரியதாக இருந்தது. மக்களை இணைக்கிறோம் என்பதே அதன் விருதுவாக்கு. கைப்பேசியை முடுக்கியதும் திரையில் இரு கைகள் ஒன்றையொன்று பற்றும் காட்சியை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம்.

2003இல் வெளிவந்த நோக்கியா 1100 கைப்பேசியைச் சற்று நினைவுகூர வேண்டும். புழுதி எளிதில் புகாத விசைப்பலகை, வழுக்காத புறப்பகுதி, மின்சாரம் தடைப்பட்டால் உதவும் சிறு கைவிளக்கு ஆகியவை அதில் இருந்தன. இந்தியா போன்ற நாடுகளின் எளிய மக்களை எண்ணி வடிவமைக்கப்பட்ட கருவி அது. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்பனையானது. புதுமையைப் பறைசாற்றும் மொழி பொய்யான மொழி என்று நான் சொல்ல வரவில்லை என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறேன். அந்தக் கைவிளக்கு உண்மையிலேயே எரிந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் திறப்பு விழா

2005 ஏப்ரலில் நோக்கியாவும் தமிழ்நாட்டு அரசும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. செல்வி ஜெயலலிதா அப்போது முதலமைச்சர். சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் 200 ஏக்கர் அளவிலான சிறப்புப் பொருளாதார மண்டலம் உருவானது. 2006 ஜனவரியில் உற்பத்தி தொடங்கியது. உதிரிப்பாகங்கள் வழங்கும் நிறுவனங்களும் அருகிலேயே வந்து சேர்ந்தன. அரசு நிலம் தந்தது, வரிச்சலுகை தந்தது, சாலையும் மின்சாரமும் தந்தது.

உச்ச காலத்தில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாகப் பணியாற்றினர். அவர்களுள் பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டிய இளம்பெண்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்தும் தொலைவான மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். பள்ளிப்படிப்பை முடித்ததும் நிறுவனப் பேருந்தில் ஏறிச் சென்று, சீருடை அணிந்து, மாதச் சம்பளம் வாங்கியவர்கள். தம்பியின் கல்லூரிக் கட்டணம், அக்காளின் திருமணம், வீட்டுக்கு ஒரு கூரை என அச்சம்பளம் பல குடும்பங்களைத் தாங்கியது. இதனை யாரும் சிறிதென்று சொல்ல இயலாது.

அக்காலத்து அறிவிப்புகளில் எண்கள் நிறைந்திருந்தன. இத்தனை கோடி முதலீடு, இத்தனை கோடிக் கைப்பேசிகள், இத்தனை நாடுகளுக்கு ஏற்றுமதி எனப் பட்டியல் நீண்டது. 2010இல் இளம்பெண் தொழிலாளி ஒருவர் இயந்திரத்தில் சிக்கிப் படுகாயமுற்று இறந்தார். சம்பள உயர்வுக்காகவும் தொழிற்சங்க உரிமைக்காகவும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. இவை வெற்றிக்கணக்குகளில் இடம்பெறாத செய்திகள்.

ஜெர்மனியில் ஒலித்த எச்சரிக்கை மணி

ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி பெருகிக்கொண்டிருந்த அதே காலத்தில், 2008 ஜனவரியில், ஜெர்மனியின் போகும் நகரத் தொழிற்சாலையை மூடப்போவதாக நோக்கியா அறிவித்தது. 2,300 பேர் வேலை இழந்தனர். காரணம் நட்டமன்று. 2007ஆம் ஆண்டுக்கான நிகர இலாபம் 720 கோடி யூரோ என்று அடுத்த சில நாள்களிலேயே நிறுவனம் வெளியிட்டது. ஜெர்மனியில் செலவு மிகுதி, ருமேனியாவில் குறைவு என்பதே சொல்லப்பட்ட விளக்கம். ஜெர்மானியர் கொதித்தெழுந்தனர். ஓர் அமைச்சரே தம் நோக்கியா கைப்பேசியைக் கைவிட்டார்.

ருமேனியாவின் குளூஜ் நகருக்கு அருகே ஆலை திறக்கப்பட்டது. மூன்றரை ஆண்டுகள் கழிந்தன. 2011 செப்டம்பரில் அதனையும் மூடும் அறிவிப்பு வந்தது. இம்முறை, உற்பத்தி ஆசியாவுக்கு நகர்கிறது என்பது விளக்கம்.

ஓர் ஊரின் திறப்பு விழா இன்னோர் ஊரின் மூடுவிழாவாக இருந்திருக்கின்றது. விழா நடக்கும் ஊரில் யாரும் அதனைச் சொல்வதில்லை. கேட்பதற்கும் நமக்குத் தோன்றுவதில்லை.

எரியும் மேடை

ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் 2007இல் வந்தது. அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் வந்தன. தொடுதிரைக் காலத்துக்கு நோக்கியா விரைந்து மாறவில்லை. 2010 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டிலிருந்து வந்த ஸ்டீபன் ஈலாப் தலைமைப் பொறுப்பேற்றார். 2011 பிப்ரவரியில் அவர் ஊழியர்களுக்கு எழுதிய உள்சுற்றறிக்கை ஒன்று வெளியே கசிந்து உலகப் புகழ்பெற்றது. நடுக்கடலில் எண்ணெய் மேடை ஒன்று தீப்பற்றி எரிகிறது. அதில் நிற்பவன் கருகிச் சாவதா, குளிர்க்கடலில் குதிப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். நாமும் எரியும் மேடையில்தான் நிற்கிறோம் என்பது அச்சுற்றறிக்கையின் சாரம்.

உவமை அருமையானதுதான். ஆனால், அம்மேடையில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே நிலையில் இருந்தார்களா? குதிப்பதா வேண்டாவா என்று முடிவெடுக்கும் உரிமை தலைவருக்கு இருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி வரிசையில் நின்ற பெண்ணுக்கு அவ்வுரிமை இல்லை. உவமையைப் பாராட்டும் மாணவனுக்கு, அவ்வுவமை யாரை மறைக்கிறது என்று வினவவும் நாம் கற்றுத்தர வேண்டும்.

2014: மூன்று அறிவிப்புகள்

2013 செப்டம்பரில், நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவை ஏறத்தாழ 544 கோடி யூரோவுக்கு மைக்ரோசாஃப்ட் வாங்கப்போவதாக அறிவிக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் கைமாற்றம் நிறைவுற்றது. ஆனால், ஸ்ரீபெரும்புதூர் ஆலை அதில் சேரவில்லை. இந்திய வருமான வரித்துறை 2013 ஜனவரியில் ஆலையில் சோதனை நடத்தி, 2,000 கோடி ரூபாய்க்கு மேல் வரி கோரியிருந்தது; சொத்துகள் முடக்கப்பட்டிருந்தன. மாநில அரசும் தனியே விற்பனை வரி கோரியது. எனவே ஆலை நோக்கியாவிடமே தங்கி, மைக்ரோசாஃப்டுக்காக ஒப்பந்த அடிப்படையில் கைப்பேசி செய்தது. நிறுவனத்தை மட்டும் குற்றஞ்சாட்டிவிட்டுப் போக முடியாத சிக்கல் இது. வரி வழக்கு, மாறிய சந்தை, விற்றுச்செல்லும் முதலாளி ஆகிய மூன்றுக்கும் நடுவில் தொழிலாளர்கள் அகப்பட்டுக்கொண்டனர்.

முதல் அறிவிப்பு விருப்ப ஓய்வுத் திட்டம். 2014 ஏப்ரல், மே மாதங்களில் ஏறத்தாழ 5,000 பேர் அதனை ஏற்று வெளியேறினர். பெயரில் 'விருப்பம்' இருந்தது. இருபத்தைந்து வயதில் ஓய்வு பெற விரும்புவோர் எத்தனை பேர் இருப்பர் என்பதைப் படிப்பவரே எண்ணிக்கொள்ளலாம்.

இரண்டாம் அறிவிப்பு 2014 ஜூலை 17இல் வந்தது. மைக்ரோசாஃப்ட் 18,000 பேரைக் குறைக்கப் போவதாகவும், அவர்களுள் ஏறத்தாழ 12,500 பேர் நோக்கியாவிலிருந்து வந்த பிரிவினர் என்றும் அறிவித்தது. ஊழியர்களுக்கு ஈலாப் எழுதிய மடல், நண்பருக்கு எழுதுவதுபோல் இயல்பான முகமனோடு தொடங்கியது. பிறகு உத்திகள், கருவிகள், சந்தைப் பிரிவுகள் பற்றிப் பத்தி பத்தியாக நீண்டது. வேலை இழப்புச் செய்தி பாதிக்கும் அப்பால் ஒளிந்திருந்தது. அதுவும் குறைப்பு நேரும் என்னும் மதிப்பீடாகச் சொல்லப்பட்டிருந்தது. ஆட்குறைப்பை எப்படி அறிவிக்கக் கூடாது என்பதற்குச் சான்றாக அம்மடல் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

மூன்றாம் அறிவிப்பு 2014 அக்டோபரில். மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதால், ஆணைகள் இல்லாத நிலையில், நவம்பர் 1 முதல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி இடைநிறுத்தப்படும் என்று நோக்கியா தெரிவித்தது. 'இடைநிறுத்தம்' என்னும் சொல்லைக் கவனியுங்கள். நிறுத்திவைத்தது மீண்டும் தொடங்கலாம் என்ற நம்பிக்கையை அச்சொல் தருகிறது. நோக்கியா அங்கே மீண்டும் கைப்பேசி செய்யவில்லை. மறு ஆண்டு ஜூலையில் மைக்ரோசாஃப்ட், தான் வாங்கிய பிரிவின் மதிப்பில் 760 கோடி டாலரைத் தள்ளுபடி செய்து, மேலும் 7,800 பேரைக் குறைத்தது. பூட்டிய ஆலையை மின்னேற்றிகள் செய்யும் சால்காம்ப் நிறுவனம் வாங்கவிருப்பதாக 2019 நவம்பரில் இந்திய அமைச்சர் அறிவித்தார். அந்த அறிவிப்பிலும் எண்கள் இருந்தன. ஐந்தாண்டில் 10,000 வேலைகள்!

நம் இலக்கணம் அறிந்த உத்திதான்

இவற்றைப் படித்தபோது எனக்கு நன்னூல்தான் நினைவுக்கு வந்தது. சொல்லவேண்டியதை நேரே சொல்லாமல் வேறு சொல்லால் சொல்வதைத் தகுதி வழக்கு என்றனர் நம் முன்னோர். அது மூவகை: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நாம் மனனம் செய்த பாடம்தான்.

இறந்தார் என்னாமல் இறைவனடி சேர்ந்தார் என்பது மங்கலம். ஆட்குறைப்பை 'மறுசீரமைப்பு' என்றும், 'அளவைச் சரிசெய்தல்' என்றும், 'விருப்ப ஓய்வு' என்றும் கூறுவது இவ்வகை. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது குழூஉக்குறி. தம் கூட்டத்தார்க்கு மட்டும் விளங்கும் சொல்லால் பேசுவது. ஈலாப்பின் மடலில் இருந்த உத்திச் சொற்கள் பலவும் இவ்வகை.

ஆனால், ஒரு வேறுபாடு உண்டு. நம் மரபில் மங்கலம் கேட்பவரின் துயரைத் தணிக்கப் பிறந்தது. இழவு வீட்டில் நாம் மென்மையாகப் பேசுவது அங்கே அழுகின்றவர்களுக்காக. நிறுவனத்தின் மங்கலமோ சொல்பவரைக் காக்கப் பிறந்தது. ஒரு மென்சொல் யாருக்காக மென்மையாகிறது என்று கேட்டால் போதும், இரண்டையும் பிரித்தறியலாம்.

செய்வினை, செயப்பாட்டுவினைப் பாடமும் இங்கே உதவும். திறப்பு விழாவில் 'நாங்கள் உருவாக்கினோம்', 'நாங்கள் வேலை தருகிறோம்' என எழுவாய் முன்னே நிற்கும். மூடுவிழாவில் 'குறைக்கப்படும்', 'நிறுத்தப்படும்' என எழுவாய் மறைந்துவிடும். ஆறாம் ஆண்டு மாணவனுக்கு, 'யாரால்?' என்று கேட்கப் பழக்கினால் போதும். நாளிதழ் வாசிப்பதில் பாதித் திறன் வந்துவிடும்.

எழுவாய் திரும்பிய காலம்

அண்மைக் காலத்தில் இம்மொழி சற்று மாறியிருக்கிறது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, 2018 மே மாதத்தில் மேடையேறி, இயந்திரக் குரல் ஒன்று முடிதிருத்தகத்தை அழைத்து மனிதரைப் போலவே பேசி நேரம் குறிக்கும் விந்தையைக் காட்டினார். அரங்கம் ஆர்ப்பரித்தது. அதே பிச்சை, 2023 ஜனவரி 20இல், ஏறத்தாழ 12,000 பேரைக் கூகுள் குறைக்கிறது என்று மடல் எழுதினார். கடினமான செய்தி இது என்று தொடக்கத்திலேயே சொன்னார். இந்நிலைக்குக் காரணமான முடிவுகளுக்குத் தாமே முழுப் பொறுப்பு என்றார். ஈலாப்பின் மடலோடு ஒப்பிட்டால் இது நேர்மையான நடையே. ஆயினும், அமெரிக்க ஊழியர் பலர், அலுவலக மின்னஞ்சல் திறக்காதபோதுதான் தம் வேலை போனதை அறிந்தனர். பொறுப்பேற்ற தலைவர் பதவியில் நீடித்தார், பொறுப்பில்லாதவர்கள் வெளியேறினர். எழுவாய் திரும்பிவிட்டது, பயனிலை அப்படியே இருக்கிறது.

2012இல் மலேசியாவில் மைடெக்சி என்ற பெயரில் பிறந்த கிராப் நிறுவனம், 2023 ஜூன் மாதத்தில் ஏறத்தாழ 1,000 பேரைக் குறைத்தபோதும் தலைவரின் கையெழுத்திட்ட மடலே வந்தது. 2018 ஜூலையில் வெஸ்டர்ன் டிஜிட்டல், பெட்டாலிங் ஜெயா ஆலையை மறு ஆண்டு இறுதிக்குள் மூடுவதாகச் சொன்ன அறிவிப்பிலேயே, பினாங்கில் விரிவாக்கம் நடப்பதையும் சேர்த்துச் சொன்னது. ஒரே தாளில் இரு மொழிகளும் இருந்தன.

தோட்டத்து மக்களுக்குப் புதிதா?

நம் சமூகம் இவ்விரு மொழிகளையும் நோக்கியாவுக்கு வெகுமுன்பே கேட்டிருக்கிறது. கங்காணியின் இனிய வாக்கு ஒரு விளம்பரம். 1930ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது, இலட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர். அரசு ஆவணங்கள் அதற்கு இட்ட பெயர் 'தாயகம் திரும்புதல்'. என்னே மங்கலம்! பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், ரப்பர் மரங்கள் அழிந்து செம்பனை வந்தபோதும், வீடமைப்புப் பகுதிகள் எழுந்தபோதும், 'மேம்பாடு' என்னும் ஒரே சொல் பலரின் வெளியேற்றத்தை மூடிக்கொண்டது.

இன்று ஜொகூர் மீண்டும் திறப்பு விழாக் காலத்தில் இருக்கிறது. குளுவாங்கிற்குத் தெற்கே, கூலாயில், முன்பு தோட்டமாக இருந்த நிலத்தில் தரவு மையங்கள் எழுகின்றன. 2023 டிசம்பரில் ஒய்டிஎல், என்விடியா நிறுவனங்கள் அங்கே செயற்கை நுண்ணறிவுக்கான கட்டமைப்பை அறிவித்தன. 2024 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் 220 கோடி டாலரும், கூகுள் 200 கோடி டாலரும் மலேசியாவில் முதலீடு செய்வதாக அறிவித்தன. 2025 ஜனவரியில் ஜொகூர் - சிங்கப்பூர்ச் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே 2025இல், மே மாதம் ஏறத்தாழ 6,000 பேரையும் ஜூலையில் ஏறத்தாழ 9,000 பேரையும் உலகளவில் மைக்ரோசாஃப்ட் குறைத்தது.

நான் இம்முதலீடுகளுக்கு எதிரானவன் அல்லன். நம் பிள்ளைகள் அங்கே பொறியாளர்களாகப் பணியாற்ற வேண்டும் என்றே விரும்புகிறேன். ஆனால், தரவு மையம் என்பது பெருமளவு மின்சாரமும் நீரும் வேண்டுவது. கட்டி முடித்தபின் மிகுந்த ஆள் வேண்டாதது. கோடிகளைக் கேட்டவுடன் அத்தனையும் வேலைகளாக மாறும் என எண்ணிவிடக் கூடாது.

பெற்றோர் அறிய வேண்டியவை

நம் நாட்டுச் சட்டத்தில் சில பாதுகாப்புகள் உண்டு. 1980ஆம் ஆண்டின் பணிநீக்க இழப்பீட்டு விதிகளின்படி, அவ்விதிகளுக்கு உட்பட்ட ஊழியர் குறைந்தது ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியிருந்தால் இழப்பீடு பெறலாம். இரண்டாண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டொன்றுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்தாண்டுக்குட்பட்ட சேவைக்கு 15 நாள். அதற்கு மேல் 20 நாள். ஒப்பந்தத்தில் எப்படிக் குறிப்பிட்டிருந்தாலும், ஆட்குறைப்பின்போது முன்னறிவிப்புக் காலம் குறைந்தது முறையே 4, 6, 8 வாரங்கள். 2018 முதல் பெர்கேசோவின் வேலைக் காப்புறுதித் திட்டமும் நடப்பிலுள்ளது. வேலை இழந்த 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 'விருப்ப' ஓய்வுத் தாளில் கையெழுத்திடுமுன் இவற்றைக் கணக்கிட்டுப் பாருங்கள். மென்சொல்லால் எழுதப்பட்ட தாளுக்கும் சட்டப்படி ஒரு பொருள் உண்டு.

ஆசிரியர்களுக்கு ஒரு பரிந்துரை. அடுத்த முறை வகுப்பிற்கு நாளிதழ் கொண்டுசெல்லும்போது, ஒரு திறப்பு விழாச் செய்தியையும் ஓர் ஆட்குறைப்புச் செய்தியையும் அருகருகே ஒட்டுங்கள். எழுவாய் எங்கே நிற்கிறது, எங்கே மறைகிறது, எந்தச் சொல் யாருக்காக மென்மையாகிறது, முன்பு இவ்வாலை எந்த ஊரில் இருந்தது என்று நான்கு வினாக்களைக் கேளுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் இவற்றுக்கு விடை காண இயலும்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பெண்கள் கைப்பேசியைப் பூட்டுவதில் தேர்ந்தவர்கள். அவர்கள் வேலையில் குறை இருந்ததால் ஆலை மூடப்படவில்லை. இதை மட்டுமேனும் நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும். வேலை போவது எப்போதும் உழைத்தவரின் தோல்வியன்று. வீட்டில் அப்பாவோ அம்மாவோ அத்தகைய மடலைப் பெற்றுவரும் நாளில், அப்பிள்ளை அவர்களைத் தலைநிமிர்ந்து பார்க்க இவ்வறிவு துணைபுரியும்.